ஒரு மிக்-21 பைசன் மாடலோடு பதினாறு மாதம்

2025 டிசம்பரில் ஒரு மிக்-21 பைசன் போர்விமான மாடலைக் கட்டி முடித்தேன். 30 சென்டிமீட்டர் நீளம், இறக்கைக்கு இறக்கை 15 சென்டிமீட்டர். இதற்கு 16 மாதமும் 25,750 ரூபாயும் ஆனது. நடுவில் இரண்டு முறை எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். மதுரையில் இந்த வேலை தெரிந்தவர்கள் யாரும் எனக்குப் பழக்கமில்லை. தமிழில் தேடிப் பார்த்தும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து, தனியாக உட்கார்ந்து, தப்பு செய்து செய்துதான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டேன். ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) கன்வர்ஷன் செட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எதற்காக இந்த விமானம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் தம்பி, உசிலம்பட்டி மாமா, 1986-ல் விமானப்படையில் சேர்ந்தவர். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் 20 வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். விமானத்தின் உடல், இறக்கை, சக்கரம், ஹைட்ராலிக் எல்லாம் அவர் கையில். மிக்-21 என்று அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. ‘எழுபத்தேழு’, ‘தொண்ணூத்தாறு’, ‘எழுபத்தஞ்சு’ என்றுதான் சொல்வார். அவை டைப் எண்கள்: எஃப்எல் ரகம் 77, எம் ரகம் 96, பிஸ் ரகம் 75. இந்த பிஸ் விமானங்களில் 125-ஐ எடுத்து, புது ரேடார், புது ஏவுகணைகள் எல்லாம் போட்டு மாற்றியதுதான் பைசன். மாமாவின் கடைசி நான்கு வருடம் பைசனோடு போனது. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு குழுப் படம் மாட்டியிருக்கும். பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள், பின்னால் விமானத்தின் மூக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்த படம். அந்த விமானத்தை அவருக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் தோன்றியது. அதற்கு முன் மூன்று சிறிய கிட் (பாகம் பாகமாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல்) கட்டியிருந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

1/48 அளவில், அதாவது நிஜ விமானத்தின் நீளத்தில் 48-ல் ஒரு பங்கு, மிக்-21 பிஸ் கிட், செக் நாட்டு எடுவார்ட் நிறுவனத்துடையது, அருமையானது. ஆனால் பெட்டியில் இருப்பது பிஸ், பைசன் இல்லை. வெளிப்பார்வைக்குப் பெரிய வித்தியாசம் முன்கண்ணாடி. பிஸ்ஸில் விமானிக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் சட்டங்கள் இருக்கும். பைசனில் சட்டமே இல்லாத ஒரே வளைந்த கண்ணாடி. மாமாவின் படத்தில் அது தெளிவாகத் தெரியும். ஆகவே கன்வர்ஷன் செட் தேடினேன். ஒரு நிறுவனத்தின் கிட்டை வேறு ரகமாக மாற்றுவதற்காக, சிறு பட்டறைகள் ரெசினில் வார்த்து விற்கும் பாகங்கள்தான் கன்வர்ஷன் செட். வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் கிடைத்தது. பெயர் சொல்லவில்லை, இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் இடம் போலத்தான் தெரிந்தது. கிட் 5,400 ரூபாய், செட் தபால் செலவோடு 5,600. ஒன்பது வாரம் கழித்து வந்த பார்சலுக்கு, வாசலிலேயே சுங்கவரி 2,750 கட்டினேன். அந்தத் தொகையை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. ஸ்கேல் மாடல்கள் சுங்கத் தலைப்பில் பொம்மைகளோடு சேர்ந்துதான் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. கடையில் வெளிநாட்டுக் கிட் ஏன் இந்த விலை விற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியிலிருந்து நேரடியாக வரவழைப்பவர்கள் அன்றைக்குள்ள சுங்கவரியை விசாரித்து, அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் எண்ணினேன். காக்பிட்டின், அதாவது விமானி உட்காரும் அறையின், ஒரு பக்கச் சுவர் இல்லை. ஒரு ஏவுகணையின் வால் துடுப்பில் காற்றுக் குமிழி விழுந்து பாதி காணோம். எழுதிக் கேட்டால், வந்த 14 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில். அது அவர்கள் தளத்திலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் பார்சல் வந்த அன்றே, பிரிக்கும்போதே போனில் படம் எடுத்து, பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுகிறேன். ரெசின் வார்ப்பில் குமிழியும் கோணலும் சகஜம். கோணிய பாகத்தைச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் வளையும், கையால் நேராக்கி உடனே பச்சைத் தண்ணீரில் விட்டால் அப்படியே நின்றுவிடும். இந்த ஒரு வித்தையால் மட்டும் நான்கு பாகங்கள் பிழைத்தன.

ரெசினைப் பற்றி யாரும் சொல்லாதது அதன் தூசி. ஒவ்வொரு பாகமும் ஒரு கட்டையோடு ஒட்டியபடி வார்க்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டையை அறுத்து, அடியைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அறுப்பதற்கு நல்ல கருவி நம் ஊரிலேயே இருக்கிறது. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில், பொன்வேலைக்காரர்கள் வைத்திருக்கிற சிறிய வில் ரம்பமும், தலைமுடி போல மெல்லிய அதன் பிளேடுகளும், ஊசி மாதிரி அரங்களும், நுனி கூர்மையான ஒரு சாமணமும் வாங்கினேன். மாடல் கருவி என்று பெயர் போட்டு விற்பதைவிட விலை குறைவு, உழைப்பும் அதிகம். அதுவரை சரி. ஆனால் நான் தேய்த்தது ஏசி போட்டு மூடிய படுக்கையறையில், உலர் உப்புத்தாளை வைத்து, மாஸ்க் இல்லாமல், இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் தொண்டை அறுக்க ஆரம்பித்தது. பத்து நாள் விடாமல் வறட்டு இருமல். நான் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும் கையோடு நானே இருமிக்கொண்டு நின்றேன், வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, அந்த வேலையை முதலில் நிறுத்து என்றார். ரெசின் தூசி மாவைவிட நுண்ணியது, நுரையீரல் வரை இறங்கும். அப்போது என் பையனுக்கு ஆறு வயது, அதே அறையில்தான் தூங்கினான். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாத விஷயம் அதுதான். அதற்கப்புறம் ரெசினை மொட்டை மாடியில்தான் தொடுகிறேன். முகத்தில் என்95 மாஸ்க், ஒரு தட்டில் தண்ணீர், அதற்குள்ளேயே வாட்டர் பேப்பரை வைத்துத் தேய்ப்பது. தூசி தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. இதை மட்டும் தயவுசெய்து முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். வார்ப்பு அச்சில் ஒட்டாமல் இருக்க ஒரு வழுக்குப் பொருள் தடவியிருப்பார்கள். அதைப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் வைத்துக் கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். பிளாஸ்டிக்குக்கு உள்ள மாடல் பசை, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. ரெசினிடம் அது ஒன்றும் செய்யாது. ரெசினுக்கு சூப்பர் க்ளூ, இல்லாவிட்டால் இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்ஸி பசை.

இனி வெட்டிய கதை. 2025 ஜனவரி, பொங்கல் லீவு. செட்டோடு வந்த தாளில் ஒரே ஒரு வரைபடம்: முன்கண்ணாடி உட்காரும் இடத்தைச் சுற்றிப் புள்ளிக் கோடு, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் படம். நானும் அளந்து, பென்சிலால் கோடு போட்டு, அறுத்துவிட்டேன். அறுக்கும்போது கை நடுங்கவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. அதற்கப்புறம்தான் புதுக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் உட்கார்ந்தது, வலது பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. வலது பக்கம் அழுத்தினால் முன்பக்கம் தூக்கியது. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். நிஜ விமானத்தின் அளவுக்கு அது ஏழு சென்டிமீட்டர், நான்கு விரல் நுழையும் சந்து. பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த ரிவெட் புள்ளிகள், பேனல் கோடுகள் எல்லாம் அழிந்து அந்த இடம் முட்டை ஓடு போல மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அந்தக் கிட்டின் அழகே அந்த ரிவெட்டுகள்தான். மாட்டுப் பொங்கல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் எல்லாம் பரணுக்குப் போனது.

என்ன தப்பு என்று பிறகுதான் புரிந்தது. பெட்டி மேல் ‘1/48 மிக்-21 பிஸ்’ என்று மட்டும் போட்டிருந்தது. எந்த நிறுவனத்தின் கிட் என்று இல்லை. ஒரே விமானத்துக்கு 1/48 அளவில் அகாடமி என்ற நிறுவனமும் கிட் போட்டிருக்கிறது, எடுவார்டும் போட்டிருக்கிறது. அளவு ஒன்றுதான், ஆனால் கண்ணாடி உட்காரும் இடத்தின் வளைவும் அகலமும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. செட் செய்தவர் எந்தக் கிட்டை எதிரில் வைத்து அச்சு எடுத்தாரோ, அதற்குத்தான் அது பொருந்தும். போதாததற்கு ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: இந்த அச்சை எந்த நிறுவனத்தின் எந்தக் கிட்டின் மேல் எடுத்தீர்கள்? பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்களென்றால், கிட்டின் உடலை டேப்பால் சேர்த்துக் கட்டி, அதன் மேல் ரெசின் பாகத்தை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். தாளில் உள்ள கோட்டை நம்ப வேண்டாம். பென்சில் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே அறுத்து, மிச்சத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு தடவையும் பொருத்திப் பார்த்து. கன்வர்ஷன் செட் வாங்கும்போது அதன் விலையைத்தான் யோசிக்கிறோம். உண்மையில் பணயம் வைப்பது அடியில் இருக்கும் கிட்டை. அறுத்ததை மறுபடி ஒட்ட முடியாது.

ஏப்ரலில் மறுபடி ஆசை வந்தது. இரண்டாவது கிட் வாங்கினேன், விலை ஏறி 5,900. இந்த முறை உடலை அறுக்கவே இல்லை. ரெசின் காக்பிட்டை ஓரம் ராவி ராவி உள்ளே இறக்கினேன். உடலை ஒட்டி மூடுவதற்கு முன் இன்னொன்றும் கவனித்தேன். பின்னால் வைக்கும் ரெசின் எக்ஸாஸ்ட் (இன்ஜினின் சூடான காற்று வெளியேறும் குழாய்), பிளாஸ்டிக்கைவிட நல்ல கனம். டேப் ஒட்டி நிறுத்திப் பார்த்தால் மூக்குச் சக்கரம் தூக்கிக்கொண்டு வால் தரையைத் தொட்டது. தூண்டில் கடையில் ஈயக் குண்டு வாங்கி, சுமார் 20 கிராம், காக்பிட்டுக்கு அடியிலும் முன்னாலும் எபாக்ஸி பசையில் பதித்தேன். ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டக்கூடாது. அது ஈயத்தோடு வினைபுரிந்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உப்பி, உடலையே பிளந்துவிடும்.

முன்கண்ணாடிக்கு செட்டில் இரண்டு கொடுத்திருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சி எடுத்த கண்ணாடிகள், சுற்றிலும் நாம்தான் வெட்ட வேண்டும். ஒன்று முதல் கிட்டோடு மல்லுக்கட்டியபோதே விரிசல் விட்டது. இரண்டாவதை ஓரம் ராவி, எப்படியோ சுமாராகப் பொருத்தி, ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, சுவரில் உப்புப் பூப்பது மாதிரி. சூப்பர் க்ளூ காயும்போது வரும் ஆவி அருகில் உள்ள பரப்பில் படிந்து வெள்ளையாகும். தடயவியலில் கைரேகையைத் தெரிய வைக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். என் கண்ணாடியின் உள்ளே என் கட்டைவிரல் ரேகை அப்படியே பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும், காய்ந்ததும் தெரியாது, தப்பானால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்டபோது என்னிடம் கண்ணாடி இல்லை. மறுபடி செட் வாங்க மனசும் வரவில்லை, பணமும் இல்லை. இரண்டாவது தடவையாகப் பரண்.

அதற்குள் செப்டம்பர் 26 வந்துவிட்டது. அன்றைக்குத்தான் விமானப்படை மிக்-21-ஐ சண்டிகரில் வழியனுப்பியது. 1963-ல் முதல் மிக்-21 வந்து சேர்ந்த அதே ஊரில், 62 வருடம் கழித்து. அந்தத் தேதிக்குள் மாடலை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜூலையில் செய்தி வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கண்ணாடி இல்லாத அந்தச் சாம்பல் நிற உடலை ஒரு டிபன் கேரியர் பையில் துணி சுற்றி வைத்து, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். மாமா டிவிக்கு முன்னால் சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். கடைசியாகப் பறந்த விமானங்கள் இறங்கி வரிசையாக நின்று இன்ஜினை நிறுத்தும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியை அணைத்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, விமானத்தைக் குப்புறத் திருப்பி, சக்கர அறையைப் பார்த்தார். பிறகு வால் துடுப்பின் அடியில் நகத்தால் தடவி, “பாராசூட் டப்பா. இதுல எத்தனை தடவை மடிச்சு வச்சிருப்பேன்” என்றார். முன்கண்ணாடி இருக்க வேண்டிய ஓட்டையில் விரலை வைத்து நிறுத்தினார். நடந்ததை எல்லாம் சொன்னேன். 13,000 ரூபாய்க்கு மேல் வீணானதை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஏன் ஆத்தா, தகடு வளைக்கணும்னா நாங்க என்ன பண்ணுவோம்? வேணுங்கிற வடிவத்துல ஒரு கட்டை செஞ்சு, அதுமேல வச்சுத் தட்டுவோம். கண்ணாடின்னா மட்டும் என்ன? கட்டையச் செய்யி” என்றார். அப்புறம், “அந்த வெட்டுப்பட்ட உடம்பு இருக்குல்ல? தூக்கிப் போட்டுட்டியா?” என்று கேட்டார். போடவில்லை.

அக்டோபரில் நான்கு ஞாயிறு உசிலம்பட்டியில் கழிந்தது. பழைய உடலின் காக்பிட் ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்து, மேலே கார் பட்டறைகளில் டிங்கர் வேலைக்குப் போடும் பட்டியைக் குவித்தோம். மாமா கூடத்துப் படத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் முன்கண்ணாடியின் பக்கவாட்டு வளைவை வெட்டினார். அட்டையைப் பட்டியின் மேல் நிறுத்தி, வெளிச்சம் தெரிகிற இடத்தில் பட்டி, இடிக்கிற இடத்தில் அரம். மூன்று மணி நேரம் அதையே செய்தார். அடி விளிம்பைப் பற்றிக் கவலையே இல்லை, ஏனென்றால் பட்டி உட்கார்ந்திருப்பது அதே கிட்டின் உடல் மேல். அதில் எடுக்கும் கண்ணாடி இரண்டாவது உடலிலும் அச்சாகப் பொருந்தும். செட்டில் இல்லாதது இதுதான். பிறகு 400-ம் நம்பரிலிருந்து 2000-ம் நம்பர் வரை வாட்டர் பேப்பர். கட்டையில் உள்ள ஒரு கீறல் விடாமல் கண்ணாடியில் தெரியும், ஆகவே இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. கண்ணாடித் தாளின் பருமன் கூடும் என்பதால் கட்டையைச் சுற்றிலும் ஒரு மயிரிழை சிறிதாகவே வைத்தோம்.

கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் என் கடையிலேயே கிடைத்தது. பல்துலக்கி, ஷேவிங் ரேசர் எல்லாம் அட்டையில் ஒட்டி வரும் அந்தத் தெளிவான மூடி. அதில் தட்டையான பகுதியை வெட்டி, ஓட்டை போட்ட தடித்த அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து, கேஸ் அடுப்புக்கு ஒரு சாண் மேலே பிடிக்க வேண்டும். முதலில் நெளியும், பிறகு இறுகும், பிறகு நடுவில் தொய்ய ஆரம்பிக்கும். தொய்ந்த அந்த நொடி கட்டையின் மேல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஒரு நொடி முந்தினால் மடிப்பு, பிந்தினால் வெள்ளையாகிவிடும், இல்லை ஓட்டை விழும். எட்டு தடவை கெட்டது. ஒன்பதாவதை மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார். பத்தாவதும் பதினொன்றாவதும் நன்றாக வந்தன. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துச் செய்யுங்கள். இந்த மூடிகளில் சில பிவிசி, கருகினால் வரும் புகை கெடுதல். வெட்டுவதற்குக் கட்டையிலிருந்து கழற்ற வேண்டாம். கட்டையின் மேலேயே வைத்து, புது பிளேடால் அழுத்தாமல் பத்துத் தடவை கோடு இழுத்தால் தானாகப் பிரிந்து வரும்.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, சாம்பல் நிறம்தான். நவம்பர் மழையில் வார்னிஷ் அடித்தேன், காற்றின் ஈரத்தில் அது பால் போல மங்கிவிட்டது. வெயில் வந்த நாளில் மறுபடி மெல்லிசாக ஒரு கோட் அடித்ததும் தெளிந்தது. மழை நாளில் அடிக்க வேண்டாம். இதற்கு நேர்மாறாக, மே மாதத்தில் பிரைமர் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு அடித்தால்தான் வேலை நடந்தது. செட்டில் வந்த டீகால் (எழுத்து, சின்னம் எல்லாம் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுவது) தாள் மஞ்சளாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெயில் படுகிற மாதிரி ஒட்டி வைத்தேன், மதுரை வெயிலுக்கு மூன்று நாளில் வெளுத்துவிட்டது. மூவண்ண வட்டத்தை ஒட்டுவதற்கு முன், வேண்டாத ஒரு எழுத்தைத் தண்ணீரில் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய தாளென்றால் நொறுங்கிவிடும்.

கணக்கு கேட்பவர்களுக்கு: முதல் கிட் 5,400, செட் 5,600, சுங்கம் 2,750, இரண்டாவது கிட் 5,900, கருவிகள், ஏர்பிரஷ், பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,100. கன்வர்ஷன் செட்டிலிருந்து கடைசியில் மாடலில் ஏறியவை காக்பிட், எக்ஸாஸ்ட், ஒரு ஜோடி ஏவுகணை, எதிரி ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃபிளேர் பெட்டிகள், டீகால். எதற்காக வாங்கினேனோ அந்த முன்கண்ணாடி, பல்துலக்கி மூடியிலிருந்து வந்தது. அதற்குச் செலவு பட்டிக்கு ஆன 180 ரூபாய், அதுவும் மாமா கொடுத்தது.

கிறிஸ்துமஸ் லீவில் கொண்டுபோனேன். மீன் தொட்டி செய்யும் கடையில் சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்திருந்தேன், பஸ்ஸில் மடியில் வைத்தே போனேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் “இது அபிநந்தன் ஓட்டினதா?” என்று கேட்டான். “அது மாதிரி ஒண்ணு, ஆனா இது நான் பார்த்துக்கிட்டது” என்றார் மாமா. குழுப் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, மூக்கில் காற்று போகும் ஓட்டையைக் காட்டி, “நிக்கிற விமானத்துக்கு இங்க மூடி போடாம யாராவது விடுவாங்களா? குருவி உள்ள போயிரும்” என்றார். அத்தையின் தையல் பெட்டியிலிருந்து ஒரு துண்டு சிவப்புத் துணியை எடுத்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு உறை தைத்து மூக்கில் மாட்டினார். இப்போதும் அது அப்படியே மாட்டியிருக்கிறது.